கிட்டார் கிளாஸுக்கு ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி: சிங்கப்பூர்ல புதுசா சொல்லித்தர ஆரம்பிக்கறவங்களுக்கு

ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருக்கித் தர்ற ஸ்பீக்கர் பொட்டி) பத்தி நெட்ல தேடினா வர்றதெல்லாம் மேடைக்கு வாசிக்கறவங்களுக்கு எழுதினது, கடைல போய் நின்னா எத்தனை வாட்ஸ் வேணும்னு நம்மகிட்டயே திருப்பிக் கேக்கறாங்க, நமக்கோ வீவக (எச்டிபி அடுக்குமாடி) வீட்டு ரூம்ல ஒரு பையனுக்கு ஜி கார்டு சொல்லித்தரணும். இந்த மூணுக்கும் நடுவுல நான் ரொம்ப அல்லாடிட்டேன். கிளாஸுக்கு ஆம்ப் வாங்கறப்ப பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னுதான்: ஆம்ப் ஓடிட்டு இருக்கறப்பவே நீங்க சாதாரணமா பேசினா ஸ்டூடண்ட்டுக்கு கேக்குதா. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

1. எங்க, எத்தனை பேருக்கு? மொதல்ல இத எழுதி வைங்க

உங்க வீட்லயா, ஸ்டூடண்ட் வீட்டுக்குப் போறீங்களா, சமூக மன்றத்துல குரூப் கிளாஸா? மூணுக்கும் ஒரே ஆம்ப் சரிப்படாது. ரெண்டுக்கு ஒத்து வரும், மூணாவதுல இடிக்கும்.

வீட்ல எடுக்கறதா இருந்தா, ட்யூஷனுக்கு ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல கூடாதுங்கற வரம்பு இருக்கு, மியூசிக் கிளாஸையும் அதுக்குள்ளயே வச்சுக்கங்க. இதுல ஒரு நல்லது என்னன்னா மூணு பேருக்கு பெரிய ஆம்ப் தேவையே இல்ல, செலவு தானா கொறஞ்சிடும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்ட சம்மதம் எழுத்துல வாங்கிக்கங்க, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜாவது இருக்கட்டும். காண்டோன்னா மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல கேளுங்க, ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு ரூல் இருக்கும்.

ஊர்லேர்ந்து வேலைக்கு வந்திருக்கற தம்பிங்க நெறைய பேர் கேக்கறதால இதையும் சொல்லிடறேன், வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், இ பாஸ்ல இருந்துகிட்டு வார இறுதில காசு வாங்கிட்டு கிளாஸ் எடுக்க முடியாது. ஆம்ப்ப விடுங்க, பாஸ்தான் முக்கியம்.

2. வாட்ஸ் நம்பர பாத்து ஏமாறாதீங்க

20 வாட்ஸ விட 40 வாட்ஸ் ரெண்டு மடங்கு சத்தம்னு நெனைக்கறோம். இல்ல. வாட்ஸ் ரெண்டு மடங்கானா வெறும் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா வாட்ஸ் பத்து மடங்கு ஆகணும். ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து சாதாரணமா பேசறது சுமார் 60 டெசிபல், கிளாஸ்ல கிட்டார் அதுக்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும். அதுக்கு 3 வாட்ஸ் ஆம்ப்பே தாராளம்.

அதனால ஆம்ப் எவ்வளவு சத்தமா போகும்னு கேக்காதீங்க, எவ்வளவு மெதுவா வச்சாலும் சவுண்ட் ஒழுங்கா வருதான்னு பாருங்க. பெரிய ஆம்ப்ல வால்யூம் நாப் கால்வாசி கூட திருப்ப முடியாது, 1க்கும் 2க்கும் நடுவுல ஒரு முடி அளவு தள்ளினாலே ஒன்னு சுத்தமா கேக்காது, இல்லன்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவ தட்டுவாங்க. பாஸ் (Boss) கம்பெனியோட கட்டானா-50 ஆம்ப்ல பவர 0.5, 25, 50 வாட்ஸ்னு மாத்திக்கலாம், அந்த 0.5 வாட்ஸ் வீட்டு கிளாஸுக்கு உண்மையிலேயே உபயோகமான விஷயம். வால்வ் ஆம்ப் (பழைய கண்ணாடிக் குழாய் ரகம்) ஆசை இருக்கறவங்க அத சொந்த சந்தோஷத்துக்கு வாங்குங்க, கிளாஸுக்கு வேண்டாம்.

காது விஷயமும் இருக்கு. சிங்கப்பூர்ல வேலை எடத்துக்கான சத்த வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், அதாவது 88ன்னா நாலு மணி நேரம். சனிக்கிழமை காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வரிசையா கிளாஸ் எடுக்கறவங்களுக்கு இது வெளையாட்டு இல்ல. ஃபோன்ல சத்தம் அளக்கற ஆப் இலவசமாவே கெடைக்குது, ஒரு தடவ அளந்து பாருங்க.

3. ரெண்டு கிட்டார், ஒரு குரல், ஒரு ஃபோன்

கிளாஸ்ல ஆம்ப்புக்குள்ள போக வேண்டியது என்னென்ன? உங்க கிட்டார், ஸ்டூடண்ட் கிட்டார், ஃபோன்லேர்ந்து வர்ற ட்ராக் (கூட ஓடற பின்னணி இசை). சில பேருக்கு மைக்கும். ஆனா கடைல இருக்கற ப்ராக்டிஸ் ஆம்ப்ல முக்கால்வாசிக்கு கிட்டார் ஓட்டை ஒன்னுதான். வாங்கினதுக்கு அப்புறம் நெறைய பேர் முழிக்கறது இங்கதான்.

ஒய் கேபிள் (ஒரு முனை ரெண்டா பிரியற வயர்) போட்டு ரெண்டு கிட்டாரையும் ஒரே ஓட்டைல சொருகிடலாம்னு ஒரு ஐடியா தோணும். செய்யாதீங்க. ஒரு கிட்டார் இன்னொன்ன அமுக்கும், ரெண்டு சவுண்டும் மங்கும், ஸ்டூடண்ட் தன்னோட வால்யூம் நாப்ப கொறைச்சா உங்க கிட்டாரும் சேந்து இறங்கும். பையன் குழம்பிடுவான். ஆனா ஹெட்ஃபோன் சைடுல ஒய் கேபிள் போட்டு ரெண்டு பேர் கேக்கறது பரவால்ல, வெளிய போற சத்தத்த பிரிக்கறதால அதுல இந்தப் பிரச்சனை வராது.

அப்ப என்ன வழி:

ரெண்டு சேனல் (தனித்தனி வால்யூமோட ரெண்டு ஓட்டை) இருக்கற அக்கூஸ்டிக் ஆம்ப் ஒரு வழி. ஒரு சேனல் கிட்டாருக்கு, இன்னொன்னு மைக்குக்கு. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட்ஸ், கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. ரோலண்ட் ஏசி-33 பேட்டரிலயும் ஓடும், டபுள் ஏ எட்டு போடணும், செகண்ட் ஹேண்ட்ல நல்ல கண்டிஷன்ல கெடைச்சா யோசிக்காம பாருங்க. மைக் சேனல்ல ஸ்டூடண்ட்டோட கிட்டார சொருகலாமான்னா, அதுல கிட்டார் கேபிள் நுழையற ஓட்டை இருக்கான்னு மொதல்ல பாருங்க, சிலதுல மைக் கேபிள் மட்டும்தான் போகும்; இருந்தா, பேட்டரி ப்ரீஆம்ப் (கிட்டாருக்குள்ளயே சிக்னல தூக்கிவிடற சர்க்யூட்) உள்ள கிட்டார் பெரும்பாலும் ஒத்துக்கும்.

ரெண்டு சின்ன ஆம்ப் இன்னொரு வழி, எனக்குப் புடிச்சது இதுதான். ஸ்டூடண்ட்டுக்கு ஒன்னு, உங்களுக்கு ஒன்னு. சத்தம் ரெண்டு திசைலேர்ந்து வர்றதால எது யாரோட தப்புன்னு காதுக்கே தெரியும், ஒன்னு ரிப்பேரானா கிளாஸ் நிக்காது. ஒரு பெரிய ஆம்ப்போட விலைக்கே ரெண்டு ரோலண்ட் மைக்ரோ க்யூப் மாதிரி சின்னது வந்திடும்.

மூணாவது, குரூப்புக்கு: சின்ன மிக்ஸர் (பல சத்தத்த ஒன்னா கலக்கற பொட்டி) ஒன்னு, அதுல நாலு ஹெட்ஃபோன் பிரிக்கற டப்பா ஒன்னு, பெரிங்கர் எச்ஏ400 மாதிரி. மூணு ஸ்டூடண்ட், ஒரு வாத்தியார், நாலு ஹெட்ஃபோன், வெளிய ஒரு சத்தமும் இல்ல. மிக்ஸர் வாங்கறப்ப ஹை-இசட் இன்புட் (எலக்ட்ரிக் கிட்டார நேரா சொருகற ஓட்டை) எத்தனைன்னு கேளுங்க, எலக்ட்ரிக் கிட்டார நேரா சாதா லைன் இன்புட்ல போட்டா சவுண்ட் செத்துப் போயிடும். ஹை-இசட் இல்லன்னா ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னல மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தற டப்பா) வேணும், செலவு அங்க ஏறிடும்.

ஃபோன் ட்ராக் விஷயத்த லேசா எடுக்காதீங்க. ட்ரினிட்டி ராக் அண்ட் பாப், ராக்ஸ்கூல் மாதிரி பரீட்சைக்கு ட்ராக்கோட சேத்துதான் வாசிக்கணும், சினிமா பாட்டு கத்துக்க வர்றவங்களும் கரோக்கேவோட வாசிக்கத்தான் ஆசைப்படுவாங்க. எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்போட ஸ்பீக்கர்ல மேல் சத்தம் சரியா வராது, சிம்பல், குரல் எல்லாம் கம்பளிக்கு உள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். யமஹா டிஎச்ஆர் மாதிரி ஆம்ப்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் போட்டிருக்கறதால ட்ராக் தெளிவா கேக்கும். புளூடூத்ல ட்ராக் ஓட்டறது ஓகே, கிட்டாரும் ட்ராக்கும் ஒரே ஸ்பீக்கர்ல வர்றதால தாளம் மாறாது, வீடியோதான் கொஞ்சம் தள்ளித் தெரியும். ஆனா வாசிக்கறவங்க காதுல புளூடூத் ஹெட்ஃபோன் மாட்டக் கூடாது, மீட்டினதுக்கு அப்புறம் லேட்டா கேக்கும், பையன் தாளம் தப்பறான்னு நீங்க திட்டுவீங்க, தப்பு ஹெட்ஃபோனோடது. வயர் ஹெட்ஃபோன், அப்புறம் 3.5 எம்எம் வயர், அத உங்க ஃபோன்ல சொருக ஏத்த டாங்கிள், இது மூணும் பைல எப்பவும் இருக்கட்டும்.

4. அக்கூஸ்டிக் மட்டும் சொல்லித்தர்றவங்களுக்கு

ஒத்தைக்கு ஒத்தையா வீட்ல கிளாஸ்னா ஆம்ப்பே வேண்டாம். நிஜமாத்தான். கடைக்காரர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன், அந்தக் காச ஒரு நல்ல நாற்காலி, மியூசிக் ஸ்டாண்ட், மெட்ரோனோம்ல போடுங்க.

சமூக மன்றத்துல பத்து பேருக்கு எடுக்கறப்பதான் ஆம்ப் தேவைப்படும், அங்கயும் உங்க குரலையும் உங்க கிட்டாரையும் மட்டும் பெருக்கினா போதும், பத்து பசங்களோட கிட்டார பெருக்கினா சந்தைதான். உங்க கிட்டார்ல பேட்டரி இல்லாத பீசோ பிக்கப் (தந்தி அதிர்வ சிக்னலா மாத்தற சின்ன பட்டை) இருந்தா அக்கூஸ்டிக் ஆம்ப்ல நேரா போடுங்க, மிக்ஸர்ல நேரா போட்டா அடித்தந்தி சத்தமே இல்லாம தகரம் மாதிரி வரும். 9 வோல்ட் பேட்டரி உள்ள கிட்டார்னா இடைவேளைல கேபிள உருவி வைங்க, கேபிள் சொருகி இருக்கற வரைக்கும் பேட்டரி கரைஞ்சிட்டே இருக்கும்.

ஊஊன்னு ஊளை வந்தா மொதல்ல ஆம்ப்ப பாத்து நீங்க உக்காந்திருக்கற கோணத்த மாத்துங்க. அப்புறம் ஆம்ப்ல ஃபேஸ் (phase) பட்டன் இருந்தா அத அமுக்குங்க, அது சத்த அலைய திருப்பிப் போடும். அதுக்கும் அடங்கலன்னா கிட்டார் ஓட்டைல போடற ரப்பர் மூடி. சமூக மன்ற ரூம்ல தரையும் சுவரும் வழுவழுன்னு இருக்கறதால இது நிச்சயமா வரும், மூடிய மொதல் நாளே எடுத்துட்டுப் போங்க.

5. செலவு

விலை கடைக்குக் கடை மாறும், இது ஒரு மதிப்புக்குத்தான். காதுல மாட்ட ஹெட்ஃபோன் ஆம்ப் சுமார் 60 வெள்ளிலேர்ந்து. பேட்டரில ஓடற சின்ன ஆம்ப் 100லேர்ந்து 300 வெள்ளி. கட்டானா-50, டிஎச்ஆர்10 ரகம் 400, 500 பக்கம். ரெண்டு சேனல் அக்கூஸ்டிக் ஆம்ப் 400க்கு மேலதான் ஆரம்பிக்கும். இதுக்கு மேல ரெண்டு கேபிள், ஸ்டாண்டு, பவர் எக்ஸ்டென்ஷன்னு ஒரு 80 வெள்ளி தனியா எடுத்து வைங்க, எல்லாரும் மறக்கறது இதுதான். போட்டிருக்கற விலைல 9 சதவீத ஜிஎஸ்டி சேந்ததான்னு கேட்டுக்கங்க.

வீடு வீடா போறவங்க விலைய விட எடைய பாருங்க. கட்டானா-50 பதினோரு கிலோவுக்கு மேல. அதையும் கிட்டாரையும் தூக்கிட்டு சாயங்காலம் ஆறரைக்கு எம்ஆர்டில ஏற முடியாது, கிராப் எடுத்தா கிளாஸ் ஃபீஸ்ல பாதி போயிடும். மூணு கிலோவுக்குள்ள, பேட்டரியோட, தோள்ல மாட்டற மாதிரி இருக்கறதுதான் உங்களுக்கு.

6. கடைல டெஸ்ட் பண்றது

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல கிட்டார் கடைங்க பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒரே மத்தியானத்துல நாலஞ்சு ஆம்ப் வாசிச்சுப் பாத்திடலாம். வார நாள்ல போங்க. சனிக்கிழமைன்னா பக்கத்துல ஒருத்தர் ஃபுல் வால்யூம்ல ஷ்ரெட் பண்ணிட்டு இருப்பார், உங்களுக்கு ஒன்னும் கேக்காது. கேபிள், அடாப்டர், சின்னச் சின்ன கனெக்டர் எல்லாம் சிம் லிம் டவர்ல பாருங்க.

உங்க கிட்டாரையே எடுத்துட்டுப் போங்க, கூட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க. ஆம்ப்ப கிளீன்ல (கரகரப்பு இல்லாத சவுண்ட்) வைங்க, எஃபெக்ட் எல்லாத்தையும் அணைங்க, வால்யூம நீங்க சாதாரணமா பேசற அளவுக்கு இறக்குங்க. இப்ப இ மைனர் கார்ட மெதுவா ஒவ்வொரு தந்தியா மீட்டிகிட்டே கூட வந்தவர்கிட்ட "ரெண்டாவது விரல கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, நகத்த வெட்டிட்டு வாங்க"ன்னு கிளாஸ்ல பேசற மாதிரி பேசுங்க. அவர் "என்ன?"ன்னு திருப்பிக் கேட்டா அந்த ஆம்ப் வேண்டாம், இல்லன்னா இன்னும் இறக்கிப் பாருங்க. அந்த அளவுல ஒரு தந்தி அமுங்கி "டப்"னு வந்தா அது தெளிவா கேக்கணும், ஏன்னா ஸ்டூடண்ட்டோட தப்பு நமக்குக் கேக்கணும். ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) தூக்கலா இருக்கற ஆம்ப் எல்லா தப்பையும் மூடி அழகாக்கிடும், வாசிக்கறவனுக்கு சொகம், சொல்லித்தர்றவனுக்கு ஆபத்து.

இன்னொன்னு, கையால மாத்தற நாப் இருக்கற ஆம்ப்பா பாருங்க. எல்லாமே ஃபோன் ஆப்லதான்னா கிளாஸ் நடுவுல ஆப் அப்டேட் கேக்கும், அந்த நேரம் பாத்து அம்மா ஃபோன் பண்ணுவாங்க.

கரோசெல்ல (செகண்ட் ஹேண்ட் சாமான் விக்கற ஆப்) வாங்கறவங்களுக்கு: விக்கிறவர் வீட்லயே பிளக் போட்டு கேளுங்க, எல்லா நாப்பையும் ஒரு சுத்து சுத்துங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு நாப்ல கரகரன்னு சத்தம் வர்றது சகஜம், கான்டாக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் போயிடும், அதச் சொல்லி விலைய கொறைங்க. ஆனா ஜாக்க ஆட்டினா சத்தம் விட்டு விட்டு வருதுன்னா அது ரிப்பேர் செலவு. கடைல வாங்கினா லெமன் சட்டப்படி ஆறு மாசத்துக்குள்ள தெரியற குறைக்கு கடைக்காரர் பொறுப்பு, தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தச் சட்டம் உதவாது.

7. பிளக், வோல்ட், அடாப்டர்

இங்க 230 வோல்ட், மூணு பின். அமெரிக்கா ஆம்ப் 120 வோல்ட், ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட். ஜப்பான்லேர்ந்து செகண்ட் ஹேண்ட் மலிவா வருதுன்னு வாங்கி, பிளக்க மட்டும் மாத்தி சொருகினா ஆம்ப் போயிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவே ஒரு எடை, ஒரு செலவு. பின்பக்க ஸ்டிக்கர்ல 220–240ன்னு இருக்கா, இல்ல 100–240ன்னு இருக்கான்னு படிச்சுட்டுத்தான் காசு குடுக்கணும்.

அடாப்டர்ல சேஃப்டி மார்க் லோகோவும் பதிவு நம்பரும் பாருங்க. ஒரு கடைல எனக்கு புது ஆம்ப்போட குடுத்த அடாப்டர்ல ஒரு மார்க்கும் இல்ல, கேட்டா "எல்லாம் சேம் லா"ன்னாங்க. மாத்தித் தர மூணு வாரம் இழுத்தடிச்சாங்க. பொட்டிய கடைலயே பிரிச்சுப் பாருங்க. வீட்ல கெடக்கற 9 வோல்ட் அடாப்டர போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, பாஸ் (Boss), ரோலண்ட் சாமான்ல நடுப் பின் மைனஸ், வீட்டு அடாப்டர்ல பெரும்பாலும் நடுப் பின் பிளஸ்.

வெளிநாட்லேர்ந்து ஆர்டர் பண்ணா 400 வெள்ளிக்கு மேல உள்ளதுக்கு இங்க வந்து இறங்கறப்ப ஜிஎஸ்டி கட்டணும், அதுக்குக் கீழன்னாலும் பெரிய தளங்க 2023லேர்ந்து வாங்கறப்பவே சேத்து எடுத்துக்கறாங்க. வாரண்டிக்கு திருப்பி அனுப்பற கூலியையும் கணக்குப் போட்டா மலிவு பெரும்பாலும் காணாமப் போயிடும்.

8. வீட்ல எங்க வைக்கறது

தரைல மட்டும் வைக்காதீங்க. ஆம்ப் தரைல இருந்தா சத்தம் உங்க முழங்காலுக்குப் போகும், கேக்கலன்னு ஏத்துவீங்க, அடித்தந்தி சத்தம் காங்க்ரீட் வழியா கீழ் வீட்டுக்கு எறங்கும். ஒரு ஸ்டூடண்ட் வீட்ல ஆறாவது தந்திய மீட்டினா ஷோகேஸ்ல அடுக்கி வச்ச வெள்ளி டம்ளர்லாம் சேந்து பாடும். ஆம்ப்ப ஒரு நாற்காலி மேல, அடியில தடி ஸ்பாஞ்ச் போட்டு, ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி வச்சதும் வால்யூம் பாதியா போச்சு, டம்ளரும் அமைதி. சுவர் மூலைலயும் வேண்டாம், பேஸ் (அடித்தந்தி சத்தம்) தானா ஏறும். ஆம்ப்லயே பேஸ் நாப்ப ஒரு கோடு கொறைச்சிடுங்க.

பாம் ஷெல்டர ஸ்டூடியோ ஆக்கலாம்னு எல்லாருக்கும் ஒரு கனவு. காத்து இல்ல, எதிரொலி அதிகம், சுவர்ல நெனச்ச மாதிரி ட்ரில் போடவும் கூடாது. ஸ்டோர் ரூமாவே இருக்கட்டும்.

வீவக அமைதி நேரம்னு ராத்திரிலேர்ந்து காலை வரைக்கும் ஒன்னு இருக்கு, இப்ப எத்தனை மணின்னு வீவக தளத்துல பாத்துக்கங்க. ஆனா ஒன்பதுக்கு மேல ஸ்பீக்கர அணைச்சுட்டு ஹெட்ஃபோனுக்கு மாறிடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீட்ல எந்தக் கிழமை எத்தனை மணிக்குன்னு சொல்லி உங்க நம்பர குடுத்துடுங்க, புகார் போற எடத்துக்குப் பதிலா மெசேஜ் உங்களுக்கே வரும்.

9. ஆன்லைன் கிளாஸ்

ஆம்ப் முன்னாடி ஃபோன வைக்கறதுக்குப் பதிலா ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டார கம்ப்யூட்டரோட இணைக்கற டப்பா) வாங்குங்க, ஒன்னுல மைக், ஒன்னுல கிட்டார். ஜூம்ல ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணலன்னா நீட்டி ஒலிக்கற கார்ட இரைச்சல்னு நெனச்சு ஜூமே வெட்டிடும்.

10. ரசீது

உங்க முழுப் பேர்லயே கிளாஸ் எடுத்தா அக்ரால (தொழில் பதிவு பண்ற அரசு அமைப்பு) பிசினஸ் பதிவு தேவையில்ல, வேற பேர் வச்சா தேவை. ரெண்டுலயும் வருமானத்த ஐராஸ்ல (வரி ஆபீஸ்) காட்டணும். கிளாஸுக்குன்னு வாங்கின ஆம்ப்புக்கு கேபிட்டல் அலவன்ஸ் (தொழில் சாமான் விலைய வருமானத்துல கழிச்சுக்கற சலுகை) கேக்கலாம், 5,000 வெள்ளிக்கு மேல போகாத சாமான ஒரே வருஷத்துல முழுசா கழிச்சுக்கலாம். நீங்க பாதி நேரம் சொந்த ஜாமிங்குக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா அந்தப் பங்க கழிச்சிட்டுத்தான் கேக்கணும். ரசீத அஞ்சு வருஷம் வச்சிருக்கணும், கடைல தர்ற அந்த வழவழ பேப்பர் ஆறு மாசத்துல வெளுத்துடும், அன்னிக்கே ஃபோட்டோ எடுத்து, வாரண்டி கார்டையும் ஆம்ப் பின்னாடி இருக்கற சீரியல் நம்பரையும் சேத்து ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.